போங்க, போகலாம்

எங்கள் ஊர்க் கடற்கரை ஹோட்டலில் இருபத்திரண்டு ஆண்டு மேனேஜராக இருந்தவரை அங்கே வேலை செய்தவர்கள் முதுகுக்குப் பின்னால் 'மூணு தடவை' என்பார்கள். முகத்துக்கு நேரே 'சார்'. அவருக்கு இரண்டும் தெரியும். "பேர் வச்சவன் ஒழுங்கா எண்ணித்தான் வச்சிருக்கான்" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

முப்பத்து நான்கு அறைகள் கொண்ட ஹோட்டல் அது. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் வரவேற்பு மேசை, அதன் மேல் கனமான கண்ணாடி. தினமும் காலை ஏழரைக்கு அந்தக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் புதிதாக நுழையும். பக்கத்தில் எங்கே சாப்பிடுவது, ஒரு பகலுக்குள் எங்கே போய்த் திரும்புவது என்று மேனேஜர் தன் கையாலேயே எழுதும் தாள். நான் துறைமுகத்தில் கடல் மட்டம் அளந்து குறிக்கும் வேலையில் இருந்தவன். அன்றைக்கு நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் எழுதிய சீட்டோடு காலை ஏழு பத்துக்கு அந்த மேசைக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலேயே அட்டவணையைப் பார்த்துக் கணித்து எடுத்துப் போனேன். பத்தொன்பது ஆண்டில் நான் போகாத நாள் முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு நாள் மஞ்சள் காமாலை.

தான் மூன்று தடவை போகாத இடத்தை மேனேஜர் தாளில் எழுத மாட்டார். முதல் தடவை பசியில் போகிறோம், எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டாம் தடவை குறை கண்டுபிடிக்கவே போகிறோம், எதுவும் நன்றாக இருக்காது. மூன்றாம் தடவை சும்மா போகிறோம். அன்றைக்குத் தெரிவதுதான் அந்த இடம். இதுதான் அவர் சொன்ன காரணம். மூன்றில் ஒரு தடவையாவது கடை முதலாளி வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் போவார். எங்கேயும் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஒட்டுப்போட்ட பழைய பையும் குடையுமாக, வழி தவறி வந்தவர் போல ஓரத்து மேசையில் உட்காருவார்.

தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். 'போங்க' என்று இருந்தால் அது அவர் பொறுப்பு. 'போகலாம்' என்று இருந்தால் உங்கள் பொறுப்பு. 'போங்கள்' என்று எழுதினால் அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருக்கிறதென்று, வாயால் சொல்வது போலவே எழுதுவார். வந்து இறங்கும் ஒவ்வொரு விருந்தினரிடமும், அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தை விளக்கிவிடுவார். பெரும்பாலோர் குளித்தால் போதும் என்ற முகத்தோடு தலையாட்டுவார்கள். ஆனால் மறுநாள் தாளைப் பார்க்க வரும்போது அவர்கள் கண் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடும்.

என்னிடம் அவருடைய தாள்கள் நான்காயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் தேதிவாரியாக இருக்கின்றன. பழைய தாளைக் குப்பைக்கூடையில் போடப்போகும்போது நான் வாங்கிக்கொள்வேன். இரண்டு மூன்று வரிகளைப் பார்த்து எழுதுகிறேன்.

"பாலத்தடி மீன் கடை. போங்க. ஒன்றரைக்கு மேல் போனால் முள்தான் மிச்சம்."

"மொட்டைமாடி உணவகம். போகலாம். காற்று அருமை. வயிறு நிறைய அதைத்தான் சாப்பிட வேண்டும்."

"கலங்கரை விளக்கம். போங்க. 214 படி. உச்சியில் நின்று சண்டை போட இடம் போதாது. தம்பதிகள் கீழேயே முடித்துக்கொண்டு ஏறவும்."

எந்தக் கடை நல்ல கடை என்று யாராவது வாயால் கேட்டால், "உங்களுக்குப் பசிக்குதா, பொழுது போகணுமா?" என்று திருப்பிக் கேட்பார். வரவேற்பில் இருந்த பெண்மணி இதைக் கேட்டுக் கேட்டு, தன் வீட்டுக்காரர் சமையலில் குறை சொன்னால் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் மேனேஜர் வீட்டுக்குப் போவேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி உலர்த்தும் சின்ன முற்றம். அவர் மனைவி என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சர்க்கரை நோய். மூன்று கோப்பையில் நீலக்கோடு போட்டது எனக்கு, சர்க்கரை இல்லாமல். பதினாறு வருஷத்தில் கோப்பை ஒரு தடவையும் மாறிவந்ததில்லை.

அந்த அம்மாளின் தம்பி வேறு ஊரில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவன். எப்படியோ ஒரு மோட்டார் படகை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். கரையிலிருந்து ஐம்பது நிமிடத் தூரத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு மரம், ஒரு கூரை கிடையாது. நீர் ஏறினால் மொத்தத் திட்டும் சுருங்கி நாற்பது அடி நீள வரப்பாகிவிடும். அதனால் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய படகு அவர்கள் திரும்பும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மேனேஜருக்கு அந்த இடத்தைப் பற்றி இருந்த ஒரே நிபந்தனை அதுதான். எந்தப் படகும் அதைச் செய்ததில்லை. இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றக் கரைக்கு ஓடிவிடுவார்கள். ஆகவே மணல்திட்டு அவர் தாளில் ஏறவே இல்லை.

தம்பி வந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டான். "மாமா, மத்தவனுங்கள விடுங்க. நான் நிப்பேன். உங்க தாள்ல ஒரு 'போங்க' மட்டும் போடுங்க."

"மூணு தடவை பார்க்கணும் மாப்ளே."

"என்னையேவா?"

"உன்னை இல்ல. படகை."

மனைவி விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னாலேயே சொன்னார்: "ஊர்ல இருக்கிற கடைக்கெல்லாம் போங்க போங்கன்னு எழுதற கை, என் தம்பி பேர் வந்தா மட்டும் சுளுக்கிக்குது. பாருங்கண்ணே."

மேனேஜருக்கு இது ஒரு புதுச் சிக்கல். மற்ற இடங்களுக்கு அவர் யாரோ ஒருவராகப் போய்விடுவார். மச்சினன் படகுக்கு அப்படிப் போக முடியாது. "நான் போனா மெத்தை போட்டு உக்கார வைப்பான். நீங்க போயிட்டு வாங்க, அளவுக்காரரே. உங்கள அவனுக்குத் தெரியாது. பார்த்தத அப்படியே எழுதிட்டு வாங்க. எனக்கு உங்க நோட்டும் என் கண்ணும் ஒண்ணுதான்." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "இது அவன் காதுக்குப் போகக்கூடாது. தெரியுதா?" என்றார். அந்த அம்மாள் தலையாட்டினார். நான் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் மூன்று நாள் போனேன். தொப்பி போட்டுக்கொண்டு, மற்ற பயணிகளோடு வரிசையில் நின்று ஏறினேன். புறப்பட்ட நேரம், ஏறியவர்கள் எண்ணிக்கை, மிதவை அங்கிகள், நீர்மட்டம், திரும்பிய நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று நாளும் படகு நின்றது. நங்கூரம் போட்டு, மோட்டாரை அணைத்து, தம்பி கரையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு கிழவிக்குக் கைகொடுத்து இறக்கினான். தண்ணீர் ஏறத் தொடங்குமுன்னே எல்லோரையும் எண்ணி ஏற்றினான். நான் குறை தேடித்தான் போனேன். கிடைக்கவில்லை.

மேனேஜர் என் நோட்டை இரண்டு தடவை படித்தார். மறுநாள் தாளில் எழுதினார்: "மணல்திட்டு. போங்க. படகு அங்கேயே நிற்கும்." எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வழிச் சொந்தத்துக்கு ஒரு நல்ல சொல் எழுத முடிந்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஞாயிறு அவர் வீட்டில் ஒரே சிரிப்பு. தம்பிக்குக் கைராசி, அக்காவுக்கு வாய்ராசி, தனக்குக் கையெழுத்து ராசி என்றார்.

பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டாம் எண் அறையிலிருந்து ஒரு வயதான தம்பதியும் அவர்கள் மகளும் மணல்திட்டுக்குப் போனார்கள். பத்து இருபதுக்குத் தம்பி அவர்களை இறக்கினான். "அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றக் கரைக்குத் திரும்பினான். கரையில் மோட்டார் நின்றுவிட்டது. வேறு படகை அனுப்பியிருக்கலாம். ஹோட்டலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமாவுக்குத் தெரிந்துவிடுமே என்று இரண்டையும் செய்யாமல் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நீர் உச்சத்துக்கு ஏறும் நேரம் மாலை நான்கு ஐம்பத்திரண்டு என்று என் சீட்டில் இருந்தது. நான்கு நாற்பதுக்கு அந்த வழியாக வந்த ஒரு மீன்பிடிப் படகு அவர்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. அப்போது அந்த வரப்பிலும் கணுக்கால் அளவு தண்ணீர். பெரியவர் வெயிலில் மயங்கி, மனைவியும் மகளும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தார்களாம். அவர் பிழைத்துக்கொண்டார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் மேசைக்குப் போனபோது அந்த மகள் அங்கே நின்றிருந்தாள். முகமெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"சார், உங்க தாள்ல ரெண்டு வார்த்தை இருக்கும்னு வந்த அன்னிக்கே சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"'போகலாம்'னு போட்டிருந்தா நாங்க வெளியில நாலு பேர விசாரிச்சிருப்போம். நீங்க 'போங்க'ன்னு போட்டிருந்தீங்க. விசாரிக்காம போனோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவின் மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். மேனேஜர் கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுக்கப் பார்த்தார். தினமும் ஒற்றைக் கையால் தூக்குகிற கண்ணாடி. அன்றைக்கு இரண்டு கையாலும் முடியவில்லை. நானும் வரவேற்புப் பெண்மணியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினோம்.

அன்று மாலையே தம்பி மேனேஜர் வீட்டுக்கு வந்து, "அன்னிக்கு ஒரு நாள்தான் மாமா. கெட்ட நேரம்" என்று சொல்லியிருக்கிறான். மேனேஜர் அதை என்னிடம் சொன்னபோது, "ஒரு நாள்தானாம். இருக்கலாம். உங்க மூணு நாள் குறிப்பு இருக்கே" என்றார். வெள்ளிக்கிழமை படகுத்துறைக்குப் போனேன். டீசல் விற்கிறவரிடம் அந்தப் படகு திட்டில் நிற்குமா என்று கேட்டேன்.

"அவனா? நிப்பாட்டறதா? வந்த நாள்லேர்ந்து ஒரு நாளைக்கு மூணு நடை அடிக்கிறான். நடுவுல ஏதோ மூணு நாள் மட்டும் ஒரே நடையோட நின்னான். வாரத்துக்கு ஒரு நாள். மோட்டார்ல கோளாறாக்கும்னு நாங்களே போய் விசாரிச்சோம். 'இல்லண்ணே, இன்னிக்கு எனக்குப் பரீட்சை'ன்னு சிரிச்சான்."

நாளைக் கேட்டேன். மூன்றும் நான் போன நாட்கள்.

சனிக்கிழமை முழுவதும் என் நோட்டில் அந்த மூன்று நாளுக்கான ஆறு பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேரம் சரி, எண்ணிக்கை சரி, நீர்மட்டம் சரி. முதல் நாள் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. எழுதும்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி மேனேஜரே கேட்டிருந்தார். "எங்க தவறவிட்டோம்னு பார்த்துடுவோம். தப்பு நம்ம முறையில இருந்தா திருத்திக்கணும்." நான் நான்கு மணிக்குப் போனேன். முற்றத்துக் கதவோரம் நாற்காலியைப் போட்டு வாசிக்கச் சொன்னார். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். நோட்டு என் கையில்தான் இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். ஆனால் வாழ்நாளில் ஒரு வரியை விட்டு வாசித்துப் பழக்கமில்லை. வாய் தானாக வாசித்துவிட்டது.

"பதினொன்று ஐம்பது. பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் தேநீர். எனக்கு மட்டும் தனியாக, சர்க்கரை இல்லாமல். கேட்கவில்லை."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தட்டோடு வந்து, நீலக்கோடு போட்ட கோப்பையை என் பக்கத்தில் வைத்தார். மேனேஜர் கோப்பையைப் பார்த்தார்.

"மறுபடி வாசிங்க."

வாசித்தேன்.

"நீங்க அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல."

"வயசானவரு, ஆகாதோ என்னவோன்னு அவனா குடுத்திருப்பான்" என்றார் அந்த அம்மாள்.

அதற்கும் என் நோட்டில் பதில் இருந்தது. பக்கத்து இருக்கையில் என்னைவிடப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சர்க்கரை போட்டதைத்தான் கொடுத்தான். இதை நான் சொல்லவில்லை. விரலை மட்டும் அந்த இடத்தில் வைத்தேன். மேனேஜர் எட்டிப் படித்தார்.

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "நாளைச் சொன்னேன், ஆளைச் சொன்னேன். அண்ணன் பாவம் வெயில்ல போறாரே, அவருக்குச் சர்க்கரை ஆகாதேன்னு அதையும் சொன்னேன். அத சொல்லாம இருந்திருக்கணும்."

"அத மட்டுமா?" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"என்கிட்ட தலையாட்டினியே."

"ஆட்டினேன். மூணு நாளு ஒழுங்கா நின்னான்னா அதுவே பழகிடும்னு நெனச்சேங்க. அவன் என் தம்பி. எல்லாரும் அவன உருப்படாதவன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர் நல்லவன்னு எழுதிட்டா, அவன் அப்படியே ஆயிடுவான்னு நெனச்சேன்."

மேனேஜர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் பேசவில்லை. "ஊர்ல யாரு வேணாலும் ஏமாத்துவாங்கன்னுதான் எல்லா இடத்துக்கும் மூணு தடவை போனேன்" என்றார். "இந்த வீட்டுக்கு மட்டும் நான் அப்படி வரல."

எழுந்து உள்ளே போனார். மூன்று கோப்பைத் தேநீரும் ஆறிப்போனது. நான் கிளம்பினேன். அண்ணே என்று கூப்பிட்டவர் தன் தம்பிக்காக என்னையும் ஒரு பொம்மையாக மூன்று நாள் படகில் உட்கார வைத்துவிட்டார். அந்தச் சர்க்கரையில்லாத தேநீரை நினைத்தால் முழுதாகக் கோபப்படவும் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஆறு பக்கங்களின் ஓரத்திலும் சிவப்பு மையில் எழுதினேன்: "எழுதியதெல்லாம் நடந்தது. நம்ப வேண்டாம்." துறைமுகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு எழுதியதில் ஒரு பக்கத்தைக்கூட அப்படி நான் குறித்ததில்லை.

திங்கட்கிழமை தாளில் மணல்திட்டுக்கு எதிரே மேனேஜர் எழுதினார்: "நான் 'போங்க' என்று எழுதியது தவறு. யாரும் போக வேண்டாம்." ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மகளிடம் நடந்ததைச் சொன்னார். தம்பிக்கு நாளைச் சொல்லிக்கொடுத்தது தன் மனைவி என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு வேலையை விடுகிறேன் என்று ஹோட்டல் முதலாளிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தாராம். "எல்லா ஹோட்டல்லயும் மேசைல ஒரு தாள் கிடக்கும். அத யாருய்யா படிக்கிறா? போய் வேலையைப் பாரு." மயங்கி விழுந்த பெரியவர்கூட இவரை மன்னித்தார். இந்தப் பேச்சை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

அதற்கு அப்புறமும் மூன்று ஆண்டு அங்கேயே இருந்தார். தாளும் தினமும் ஏழரைக்கு வந்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்து எல்லா இடத்துக்கும் எதிரே ஒரே சொல்தான். வரவேற்புப் பெண்மணி முதலில் கவனித்தார்.

"சார், கலங்கரை விளக்கத்துக்குக்கூடவா 'போகலாம்'?"

"அதுக்குந்தான்."

"அது எங்க சார் ஓடிப் போகப்போகுது?"

மேனேஜர் கண்ணாடியைத் தாளின் மேல் இறக்கினார். படிகளைப் பற்றிய வரியும் அப்போது போய்விட்டது. மேசையில் நின்று விளக்குவதையும் நிறுத்திவிட்டார். விருந்தினர்களுக்கு எதுவும் தெரியவில்லை. வந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், எங்கோ போய்ச் சாப்பிட்டார்கள். நான் சேர்த்து வைத்த தாள்களில் கடைசி 'போங்க' இருக்கிற தாள் தனியாகத் தெரியும். மேல் மூலை மடிந்திருக்கும், கண்ணாடியிலிருந்து உருவும்போது மடிந்தது.

தம்பி இன்றைக்கும் படகு ஓட்டுகிறான். நடை மூன்று, சில நாள் நான்கு.

ஞாயிற்றுக்கிழமைகளை நான் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து, மேனேஜருக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். மாலை நான்கு பத்து. அந்த அம்மாள் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு கேட்டேன். 'போகலாம்'ங்கிறார். அக்கா பொண்ணு பிரசவத்துக்குப் போகட்டுமான்னு கேட்டேன். 'போகலாம்'. வாசக் கதவ சாத்தட்டுமான்னு கேட்டா 'சாத்தலாம்'. திட்டவும் மாட்டேங்கிறார். கோவத்துலயாவது ஒரு தடவை 'போ'ன்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்ணே."

உள்ளே போனேன். மேனேஜர் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முதுகைப் பற்றி, மழையைப் பற்றி, புதிதாக வந்த டாக்டரைப் பற்றிப் பேசினோம். நீலக்கோடு கோப்பை வந்தது. குடித்தேன். சர்க்கரை இல்லை. புறப்படும்போது, வழக்கமாகக் கேட்பதுபோல, "அப்ப நாளைக்கு ஏழு பத்துக்குச் சீட்டோட வரட்டுமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் எப்போதும் சொல்வது "வாங்க."

என்னை ஒரு கணம் பார்த்தார். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நோட்டையும் பார்த்தார்.

"வரலாம்" என்றார்.